காற்றில் ஆடும் ஒளிச் சிற்பம் எப்படி வேலை செய்கிறது?

பூங்கா நடுவில் ஒரு சிலையை நிறுத்தி, கீழே நாலு ஃபோகஸ் விளக்கைப் பொருத்தி, பொழுது சாய்ந்ததும் சுவிட்சைப் போட்டால் அது வெளிச்சம் போட்ட சிலை. ஒளிச் சிற்பம் வேறு. அதில் விளக்கு வெளிச்சமும் கல், உலோகம், மரம் மாதிரி சிற்பி முதலிலேயே தேர்ந்தெடுக்கும் ஒரு பொருள்தான். எந்த நிற நூலை எடுப்பது, எவ்வளவு உயரத்தில் தொங்கவிடுவது, பார்ப்பவர் எங்கே நின்று பார்ப்பார் என்பதெல்லாம் அந்த வெளிச்சத்தை மனதில் வைத்தே முடிவாகும். அப்படிப்பட்ட ஒன்றை டிக்கெட்டும் கதவும் இல்லாத ஒரு சதுக்கத்திலோ, பூங்காவிலோ, சாலைக்கு மேலேயோ வைக்கும்போது இன்னும் சில விஷயங்கள் கூடவே வந்து சேரும்: மழை, புயல், வெயில், நகராட்சி பட்ஜெட், அப்புறம் தலைக்கு மேல் தொங்குவது விழுந்துவிடக் கூடாது என்ற பயம்.

பொதுவாகப் பேசிக்கொண்டே போனால் எதுவும் மனதில் நிற்காது. அதனால் ஒரே ஒரு சிற்பியை எடுத்துக்கொள்கிறேன்: அமெரிக்காவைச் சேர்ந்த ஜேனட் எக்கல்மன். நகரச் சதுக்கங்களுக்கு மேலே பிரம்மாண்டமான வலைகளைத் தொங்கவிட்டு, இரவில் அவற்றுக்கு ஒளியூட்டுபவர். அவர் வலையைக் கையில் எடுத்ததே மாமல்லபுரத்துக் கடற்கரையில்தான். தமிழ் வாசகர்களுக்கு இவரைப் பற்றிச் சொல்ல அதுவே போதுமான காரணம் என்று நினைக்கிறேன்.

1966இல் பிறந்தவர். கல்லூரிப் படிப்பை முடித்துவிட்டு ஏழு கலைக் கல்லூரிகளுக்கு விண்ணப்பித்தார், ஏழும் மறுத்துவிட்டன. சரி என்று தானாகவே ஓவியம் கற்றுக்கொண்டு, ஹாங்காங்கில் சீனத் தூரிகை ஓவியம், பாலித் தீவில் துணியில் மெழுகு பூசிச் சாயமேற்றும் பாத்திக் என்று பல வருஷம் சுற்றினார். 1997இல் அமெரிக்க அரசின் ஃபுல்பிரைட் உதவித்தொகையில் இந்தியாவுக்கு வந்தபோதும் அவர் ஓவியர்தான். இங்கே ஓவியக் கண்காட்சி நடத்துவதாக ஒப்புக்கொண்டு, வண்ணங்களைக் கப்பலில் அனுப்பிவிட்டு மாமல்லபுரம் வந்து சேர்ந்தார். வண்ணங்கள் வரவே இல்லை. கண்காட்சி நாளோ நெருங்குகிறது. ஊரே சிற்ப ஊர் என்பதால் வெண்கலத்தில் வார்த்துப் பார்த்தார். பெரிய வடிவங்களுக்கு அது கனமாகவும் செலவாகவும் முடிந்தது. தினமும் கடலுக்குக் குளிக்கப் போகிறவர், கரையில் மீனவர்கள் வலைகளைக் குவித்துக்கொண்டிருப்பதை ஒருநாள் வேறு கண்ணோடு பார்த்தார். அவ்வளவு பெரிய குவியல், ஆனால் ஆள் தூக்கிவிடக்கூடிய எடை. கனமில்லாமலே இடத்தை நிரப்ப ஒரு வழி இருக்கிறதே என்று அவருக்குப் பட்டது. அந்த மீனவர்களோடு சேர்ந்தே தன் முதல் வலைச் சிற்பங்களைப் பின்னினார். படம் எடுப்பதற்காக அவற்றைக் கரையில் கம்பங்களில் ஏற்றியபோது, காற்று வீச வீச வலை அசைந்து வடிவம் மாறிக்கொண்டே இருந்தது. அதற்குப் பிறகு அவர் செய்தவற்றில் பெரும்பாலானவை அங்கிருந்து வந்தவைதான்.

கருங்கல்லில் யானைக் கூட்டத்தையே செதுக்கிய ஊரில், பாறைப் பிளவின் வழியே தண்ணீர் இறங்குவதையே சிற்பத்தின் நடுநாயகமாக வைத்த ஊரில் இது நடந்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பூரிப்பாக இருக்கும். அர்ச்சுனன் தபசும் யாரும் நின்று பார்க்கக்கூடிய பொதுவெளிச் சிற்பம்தானே.

இப்போது விஷயத்துக்கு வருவோம். ஏன் வலை? பெரிய திறந்தவெளியில் தொங்கும் எதற்கும் முதல் எதிரி காற்று. அந்த அளவுக்குத் துணியை விரித்தால் அது கப்பல் பாயாகிவிடும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை சுமார் நான்கு மடங்காகும், அதனால் சாதாரண நாளில் அழகாக ஆடுகிற துணி புயலில் கம்பத்தையே வளைத்துவிடும். வலையில் பெரும்பகுதி ஓட்டைதான். கண்ணிகளின் வழியே காற்று போய்விடுகிறது. நூலில் படுகிற கொஞ்சம் காற்று மட்டும் அதை அசைக்கிறது. ஆக, சிற்பத்தைக் காப்பாற்றுவதும் அதை ஆட வைப்பதும் அதே கண்ணிகள்தான். கண்ணியின் அளவை மாற்றினால் இரண்டும் மாறும். மேலே அடர்த்தியாக, கீழே அகலமாக என்று சிற்பி வலையைத் திட்டமிடும்போது அழகையும் காற்றின் விசையையும் சேர்த்தே தீர்மானிக்கிறார்.

அடுத்த எதிரி வெயில். மீன்பிடி வலையில் இருக்கும் நைலான் மாதிரியான நூல் புற ஊதாக் கதிரில் நாளடைவில் நொறுங்கிப்போகும், சாயமும் வெளுக்கும். மீனவருக்கு வலை கிழிந்தால் கோர்த்துக்கொள்ளலாம், புதிதாகவும் வாங்கலாம். சாலைச் சந்திப்புக்கு மேல் நிரந்தரமாகத் தொங்கும் வலைக்கு அது சரிவராது. போர்ச்சுகலில் போர்ட்டோவை ஒட்டிய கடற்கரையில், ஒரு ரவுண்டானாவுக்கு மேல் நிரந்தரச் சிற்பம் செய்ய எக்கல்மனைக் கேட்டபோது இந்தச் சிக்கல்தான் முன்னால் நின்றது. கடல் உப்பு, வெயில், வண்டிப் புகை மூன்றையும் தாங்க வேண்டும், ஆனால் காற்றில் மெல்ல அசையும் அளவுக்கு மென்மையாகவும் இருக்க வேண்டும். அப்படி ஒரு நூலைத் தேடியே இரண்டு வருஷம் போனது. கடைசியில் கிடைத்தது பி.டி.எஃப்.இ. நூல். நம் வீட்டு நான்ஸ்டிக் தவாவில் பூசியிருக்கும் டெஃப்லானும் இதே குடும்பம்தான். புற ஊதாக் கதிர் இதை அசைத்துக்கூடப் பார்க்காது.

காற்றைக் கணக்கிடப் பந்தயப் படகுகளின் பாய்களை வடிவமைக்கும் பொறியாளர் பீட்டர் ஹெப்பெல் உதவினார். அவ்வளவு பெரிய வலையைக் கையால் முடிச்சுப்போட்டு முடிக்க முடியாது என்பதால், மீன்வலை நெய்யும் தொழிற்சாலையின் இயந்திரங்களையே லேஸ் மாதிரியான வடிவம் நெய்யப் பழக்கினார்கள். 2005இல் 'ஷீ சேஞ்சஸ்' உயர்ந்தது: 20 டன் எஃகு வளையம், அதிலிருந்து 50,000 சதுர அடி வலை. ஊர்க்காரர்கள் அதற்கு அனெமோனா என்று பெயர் வைத்துவிட்டார்கள், கடல் சாமந்தி என்ற கடல் உயிரி மாதிரி இருப்பதால். ஒரு பொதுவெளிச் சிற்பத்துக்கு ஊர் தானாகவே பெயர் வைத்தால் அது ஏற்றுக்கொள்ளப்பட்டது என்று தைரியமாகச் சொல்லலாம்.

ஒளி முழுமையாக வேலை செய்வதைப் பார்க்க அரிசோனாவின் ஃபீனிக்ஸுக்குப் போக வேண்டும். பாலைவன நகரம், கோடையில் 40 டிகிரி செல்சியஸைச் சாதாரணமாகத் தாண்டும், ஆகவே திறந்தவெளியில் மனிதர்கள் நிம்மதியாக உட்காருவது பொழுது இறங்கின பிறகுதான். நகர மையத்தில் 2009இல் திறந்த சிவிக் ஸ்பேஸ் பார்க்கில் எக்கல்மனின் 'ஹெர் சீக்ரெட் இஸ் பேஷன்ஸ்' தொங்குகிறது. மொத்த உயரம் 145 அடி. மேலே 100 அடி அகலத்துக்கு விரிந்து, கீழே குறுகி, தரைக்கு 38 அடி மேலேயே முடிந்துவிடும். அதற்கு அடியில் யாரும் நடக்கலாம், புல்லில் படுத்து அண்ணாந்து பார்க்கலாம். அந்தப் பாலைவனத்துச் சகுவாரோ கள்ளியின் பூவும் பருவமழை மேகமும் வடிவத்துக்குத் தூண்டுதல். பகலில் இதன் நிழல் தரையில் ஊர்ந்துகொண்டே போகும், அந்த நிழலும் திட்டமிட்ட ஒன்றுதான்.

இருட்டின பிறகு நடப்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். வலைக்குள் விளக்கு எதுவும் இல்லை. முதல் முறை பார்க்கிறவர்கள் நூலே ஒளிர்கிறது என்று நினைப்பார்கள், அது அப்படி இல்லை. தொலைவில், தாழ்வாக வைத்த விளக்குகள் வலையை நோக்கி ஒளியை வீசுகின்றன. நூலில் படும் ஒளி சிதறி நம் கண்ணுக்கு வருகிறது; பின்னால் இருப்பது கறுத்த வானம் என்பதால், மெல்லிய நூல்கூட பளிச்சென்று தெரியும். வெளிச்சம் படாத கம்பங்களும் கம்பிவடங்களும் இருளோடு கலந்துவிடும். பகலில் 'இது எதில் தொங்குகிறது' என்று கண் தானாகவே கம்பத்தைத் தேடும். இரவில் அந்தக் கேள்வியே எழாது, வடிவம் மட்டும் வானத்தில் நிற்கும்.

நிறம் வேறு ஒரு கணக்கு. சிவப்பு நூல் சிவப்பு ஒளியைத்தான் நன்றாகத் திருப்பி அனுப்பும்; அதன் மேல் நீல ஒளியை வீசினால் கிட்டத்தட்டக் கறுத்துப்போகும். ஆக, ஒரே வலையில் பல நிற நூல்களைக் கலந்துவிட்டு விளக்கின் நிறத்தை மெல்ல மாற்றினால், ஒரு பட்டை மறைந்து இன்னொன்று எழுந்து வருவதுபோல இருக்கும். வலையில் ஒரு நூல்கூட மாறியிருக்காது. எல்.இ.டி. விளக்குகள் வந்த பிறகுதான் இது எளிதானது: சிவப்பு, பச்சை, நீலத்தை எந்த விகிதத்திலும் கலக்கலாம், கணினி வழியே மணிக்கணக்கில் மெதுவாக மாற்றலாம், மின்சாரமும் குறைவு. ஃபீனிக்ஸில் இந்த நிற மாற்றம் பருவத்தை ஒட்டியது. வெயில் காலத்தில் குளிர்ச்சியான நிறங்கள், குளிர் காலத்தில் வெதுவெதுப்பான நிறங்கள். சில நேரம் வலையின் ஒரு பகுதிக்கு மட்டும் ஒளி போய், மிச்சம் பிறை நிலாவின் மறைந்த பக்கம்போல இருட்டில் இருக்கும். எல்லாவற்றையும் எப்போதும் பளீரென்று காட்டாமல் விட்டது, என்னைக் கேட்டால், இந்தச் சிற்பத்தில் எடுத்த மிகச் சரியான முடிவு. வேகமாகக் கண் சிமிட்டும் விளக்குகள் எந்த நகரத்திலும் ஏராளமாக இருக்கின்றன. அவற்றுக்கு நடுவில் நிதானமாக மாறும் ஒரு வெளிச்சம்தான் ஆளை நிற்க வைக்கிறது.

இதில் ஒரு குறை உண்டு, அதை மறைக்கக் கூடாது. வலையில் ஓட்டைதான் அதிகம் என்றேனே, அதனால் கீழிருந்து வீசும் ஒளியில் பெரும்பங்கு வலையில் படாமல் வானத்துக்குப் போகும். அரிசோனாவில் இது சின்ன விஷயம் இல்லை. இருண்ட வானத்தைக் காப்பாற்றுவதற்காக 2001இல் உலகிலேயே முதல் சர்வதேச இருள்வான நகரமாக அங்கீகரிக்கப்பட்ட ஃபிளாக்ஸ்டாஃப் அதே மாநிலத்தில்தான் இருக்கிறது. குறுகிய கதிர் தரும் விளக்கு, பக்கவாட்டில் சிந்தாமல் தடுக்கும் மறைப்பு, நடமாட்டம் ஓய்ந்த பிறகு அணைத்துவிடும் ஏற்பாடு, இவை எல்லாம் ஒளிச் சிற்பத்தைத் திட்டமிடும்போதே பேசப்பட வேண்டியவை. நடுநிசிக்குப் பிறகு யாருக்காகவும் எரியத் தேவையில்லை என்பது என் கருத்து.

சரி, கம்பமும் எஃகு வளையமும் இல்லாமல் இதைச் செய்ய முடியுமா? 2010இல் டென்வர் நகரம் கேட்டது கிட்டத்தட்ட அதைத்தான். தற்காலிகமான, கட்டிடங்களில் கட்டித் தொங்கவிடக்கூடிய ஒன்று வேண்டும். 20 டன் வளையத்தை எந்தக் கட்டிடமும் தாங்காது. அதனால் எஃகுக்குப் பதிலாக ஒரு வகைக் கயிறு வந்தது: நாம் பிளாஸ்டிக் பை செய்யும் பாலிஎத்திலீனின் உறவுதான், ஆனால் மூலக்கூறுச் சங்கிலிகள் மிக நீளமானவை. அதே எடையுள்ள எஃகைவிட 15 மடங்கு வலிமை. குண்டு துளைக்காத சட்டையிலும் கப்பலைக் கட்டும் கயிறுகளிலும் பயன்படுவது இது. அந்தச் சிற்பத்தின் பெயர் '1.26'. அந்த ஆண்டு சிலியில் வந்த நிலநடுக்கத்தால் பூமியின் ஒரு நாள் 1.26 மைக்ரோவினாடி (ஒரு வினாடியைப் பத்து லட்சம் பங்காக்கினால் அதில் ஒன்று, ஒரு மைக்ரோவினாடி) குறைந்ததாக நாசா விஞ்ஞானி ஒருவர் கணக்கிட்டார். அப்போது எழுந்த சுனாமி அலைகளின் தரவிலிருந்துதான் வலையின் வடிவம் உருவானது. எஃகு இல்லாததால் மடித்து எடுத்துப்போக முடிந்தது. பிறகு சிட்னி, ஆம்ஸ்டர்டாம், 2014இல் சிங்கப்பூர் மரீனா பே என்று ஊர் ஊராகப் போனது. சிங்கப்பூர்த் தமிழர்கள் சிலர் அதை நேரிலேயே பார்த்திருப்பார்கள்.

கட்டிடத்தில் கட்டுவது என்றால் சும்மா முடிச்சுப் போடுவது இல்லை. துணி காயப்போடும் கொடியை இழுத்து நேராக்கப் பாருங்கள், ஈரப் போர்வை ஒன்றே ஒன்று தொங்கினாலும் முழுக்க நேராகவே ஆகாது; தொய்வைக் குறைக்கக் குறைக்க இரண்டு பக்க ஆணியிலும் இழுவிசை ஏறிக்கொண்டே போகும். அதே விதி இங்கேயும். சிற்பத்தின் எடை ஒரு டன்தான் என்றாலும் அது கட்டிடங்களை இழுக்கும் விசை அதைவிடப் பல மடங்கு, புயலில் இன்னும் கூடும். அதனால் பொறியாளர்கள் ஒவ்வொரு கட்டிடத்தின் பழைய வரைபடங்களையும் எடுத்து, எந்தத் தூண், எந்த மாடி இந்த இழுவையைத் தாங்கும் என்று பார்த்து, தேவைப்பட்ட இடத்தில் பலப்படுத்திய பிறகே கயிறு ஏறும். வலை எப்படித் தொய்யும், காற்றில் எப்படி நகரும் என்று முன்கூட்டியே பார்க்க வடிவமைப்பு மென்பொருள் செய்யும் ஆட்டோடெஸ்க் நிறுவனத்தோடு சேர்ந்து தனி மென்பொருளே உருவாக்கினார் எக்கல்மன்.

பாஸ்டனில் 2015இல் தொங்கிய சிற்பம் எனக்கு மிகவும் பிடித்தது. இடம் ரோஸ் கென்னடி கிரீன்வே. ஒரு காலத்தில் நகரத்தை இரண்டாகப் பிளந்த உயர்மட்ட நெடுஞ்சாலை அங்கே இருந்தது. அதை இடித்து, போக்குவரத்தைச் சுரங்கத்துக்குள் இறக்கி, மேலே பூங்கா போட்டார்கள். அதே வெற்றிடத்துக்கு மேலே 600 அடி நீளத்துக்கு வலை. 160 கிலோமீட்டருக்கும் அதிகமான நூல், ஐந்து லட்சத்துக்கும் மேல் முடிச்சுகள், எடை ஏறத்தாழ ஒரு டன். வலையில் இருந்த வண்ணப் பட்டைகள் பழைய சாலையின் தடங்களைக் குறித்தன. மூன்று பெரிய துளைகள், துறைமுகத்தில் நிலம் மேடாக்குவதற்காக வெட்டித் தரைமட்டமாக்கப்பட்ட மூன்று குன்றுகளைக் குறித்தன. கயிறுகளின் இழுவையையும் அசைவையும் உணரும் கருவிகள் பொருத்தியிருந்தார்கள், அவை தரும் தகவல்படி விளக்கின் நிறம் மாறியது. காற்று வீசினால் வடிவமும் மாறும், நிறமும் மாறும். இடத்தின் கதை தெரியாதவருக்கும் அது அழகுதான். தெரிந்தவருக்கு, முன்பு கார்கள் இரைந்துகொண்டிருந்த உயரத்தில் இப்போது என்ன இருக்கிறது என்பது தனியாக உறைக்கும். பொதுவெளிச் சிற்பத்தை வேறு ஊருக்கு அப்படியே தூக்கிக்கொண்டு போக முடியாமல் செய்வது இதுதான். '1.26' ஊர் ஊராகப் போனது உண்மைதான், ஆனால் இரண்டில் எது ஆழமானது என்று கேட்டால் நான் பாஸ்டன் பக்கம்.

ஒளியைப் பார்ப்பவர் கையிலேயே கொடுத்த முயற்சியும் உண்டு. 2014 மார்ச்சில் கனடாவின் வான்கூவரில் எக்கல்மன், கலைஞர் ஆரன் கோப்ளினோடு சேர்ந்து 745 அடி நீள வலையைத் தொங்கவிட்டார். கீழே நிற்பவர்கள் தங்கள் கைப்பேசித் திரையில் விரலால் இழுத்தால், மேலே வலையில் ஒளிக்கோடு ஓடும். முன்பின் தெரியாதவர்கள் ஒரே வானத்தில் சேர்ந்து வரைந்தார்கள். பிலடெல்ஃபியாவில் 2018இல் வலையே இல்லை: நகர மன்றத்துக்கு முன்னால் உள்ள சதுக்கத்தில், தரைக்கடியில் டிராலி ரயில் போகும் பாதையை ஒட்டி, நாலடி உயரத்துக்கு நீர்ப்பனி எழும்பி நிறம் கொண்டு ஓடும். குழந்தைகள் அதற்குள் புகுந்து ஓடலாம்.

காசு? யாராவது கட்டாயம் கேட்பார்கள், கேட்கவும் வேண்டும். அமெரிக்க நகரங்கள் பலவற்றில், பொதுக் கட்டுமானச் செலவில் ஒரு சிறு பங்கு, பெரும்பாலும் ஒரு சதவீதம், கலைக்கு ஒதுக்கப்பட வேண்டும் என்று விதி இருக்கிறது. ஃபீனிக்ஸில் அது 1986இலிருந்து நடைமுறையில் உள்ளது. ஃபீனிக்ஸ் சிற்பத்துக்கு ஆன செலவு 24 லட்சம் டாலர். அவ்வளவு பணத்தை வலைக்கா கொட்டுவது என்று பலத்த எதிர்ப்பு எழுந்து, திட்டம் ஒரு கட்டத்தில் நின்றே போகும் நிலைக்கு வந்தது. வேண்டும் என்று மக்கள் பேச முன்வந்ததால் மீண்டும் உயிர்பெற்றது. இந்தச் சண்டை தவறு என்று நான் சொல்லமாட்டேன். மக்கள் பணத்தில், மக்கள் தலைக்கு மேல் தொங்கப்போகும் ஒன்றைப் பற்றி மக்கள் சத்தம் போடத்தான் வேண்டும். ஆனால் செலவைக் கேட்கிறவர்கள் பராமரிப்பையும் சேர்த்துக் கேட்க வேண்டும்: விளக்கு மாற்ற யார், கயிற்றை வருஷாவருஷம் சோதிக்க யார், நூல் நைந்தால் மறுபடி நெய்ய நிதி எங்கே. திறப்பு விழாவுக்குப் பிறகு இதை யாரும் கவனிக்காமல் விட்டால் ஒளிச் சிற்பம் சில வருஷத்தில் இருண்ட சிற்பமாகும்.

பார்க்க வாய்ப்பிருப்பவர்களுக்கு: போர்ட்டோ, ஃபீனிக்ஸ் இரண்டும் நிரந்தரமானவை. புளோரிடாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் படகுத்துறையில் 2020இல் வந்த 'பெண்டிங் ஆர்க்' இருக்கிறது. 1950களில் கறுப்பின மக்கள் கடற்கரையில் குளிக்கும் உரிமைக்காகப் போராடிய இடத்துக்குப் பக்கத்தில், 16,62,528 முடிச்சுகளோடு. ஒஹாயோவின் கொலம்பஸில் 2023இல் சாலைச் சந்திப்புக்கு மேலேயே ஒன்று வந்துவிட்டது. எங்கே போனாலும் சூரியன் மறைவதற்கு அரைமணி நேரம் முன்பே போய்விடுங்கள். முதலில் கயிறுகள் எங்கே கட்டியிருக்கின்றன என்று கண்ணால் பின்தொடருங்கள், விளக்குகள் எங்கே ஒளிந்திருக்கின்றன என்று தேடுங்கள், பிறகு நேர் கீழே போய் அண்ணாந்து பாருங்கள். காற்று இல்லாத மாலையாக அமைந்துவிட்டால் இன்னொரு நாள் திரும்பப் போவது நல்லது, ஏனென்றால் நீங்கள் பார்த்தது பாதிதான்.